பொறிவண்டும் அசுவினியும்: வேட்டையையும் போட்டியையும் அவரைப் பந்தலடியில் ஆராய்வது எப்படி?

சூழலியல் படிக்க வருகிறவர்களில் பலருக்கு மனதில் முதலில் நிற்பது புலி. வேட்டையாடும் உயிருக்கும் இரைக்கும் உள்ள உறவை ஆராயப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவர்களும் முதுமலையையோ பந்திப்பூரையோதான் நினைத்துக்கொள்வார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த வேலைக்கு என்னென்ன தேவைப்படும் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றும் எதையெதைத் தின்கின்றன என்று உல்லாஸ் காரந்தும் மெல்வின் சன்குவிஸ்டும் ஆராய்ந்து 1995-இல் வெளியிட்டார்கள். அவை போட்ட எச்சங்களைச் சேகரித்து, அவற்றில் கிடக்கும் மயிரை வைத்து எந்த விலங்கின் மயிர் என்று கண்டுபிடிக்க வேண்டும். அடித்துப்போட்ட உடல்களைத் தேட வேண்டும். இன்னொரு பக்கம், காட்டில் நேர்கோட்டுப் பாதைகளில் திரும்பத் திரும்ப நடந்து காட்டுமாடு, கடமான், புள்ளிமான் எவ்வளவு இருக்கின்றன என்றும் கணக்கெடுக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு வந்த விடைகளில் ஒன்று: புலி பிடித்த முக்கிய இரைகளின் சராசரி எடை 91.5 கிலோ, செந்நாய்க்கு 43.4, சிறுத்தைக்கு 37.6. மூன்று பெரிய ஊனுண்ணிகள் ஒரே காட்டில் எப்படிக் காலம் தள்ளுகின்றன என்பதற்கு அந்த எடை வித்தியாசம் ஒரு பாதி விடை. அருமையான ஆராய்ச்சி. ஆனால் வன அனுமதி, வண்டி, ஆட்கள், ஆண்டுக்கணக்கில் பொறுமை எல்லாம் வேண்டும்.

அதே இரண்டு கேள்விகளை, அதாவது யார் யாரை எவ்வளவு தின்கிறார்கள், ஒரே இரைக்கு இரண்டு பேர் வந்தால் என்ன நடக்கிறது என்பதை, தட்டைப்பயறுச் செடி ஒன்றின் கொழுந்திலும் கேட்கலாம். அங்கே செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி இரை, பொறிவண்டு வேட்டையாடி. இரண்டு மூன்று மாதத்தில் நம்பகமான விடை கிடைக்கும். கல்லூரியில் முதல் திட்டப்பணி செய்யப் போகிறவர், வகுப்புக்கு ஒரு சோதனை தேடும் ஆசிரியர், மாடித்தோட்டம் வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர் என யாரும் செய்யலாம்.

தொடங்கும் முன் ஒன்று. பொறிவண்டு அசுவினியைத் தின்றதைக் கண்ணால் பார்த்தீர்கள் என்றால் அது ஒரு கவனிப்பு. பொறிவண்டு தின்பதால்தான் அசுவினி குறைந்தது என்றால் அது வேறு கூற்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குப் போக வேண்டுமானால், பொறிவண்டே இல்லாத ஒரு செடியோ கிண்ணமோ ஒப்பிட வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

முதல் படி: செடி, பருவம், இடம்

தட்டைப்பயறை நான் சிபாரிசு செய்கிறேன். விதை மளிகைக் கடையிலேயே கிடைக்கும், சில நாளில் முளைத்துவிடும், மூன்று வாரத்தில் சோதனைக்குத் தயார். அவரையும் ஆகும், ஆனால் பந்தலில் படர்ந்த பிறகு எந்தக் கொடி எந்தச் செடியுடையது என்று பிரித்தறிவது பெரும்பாடு.

24 வளர்ப்புப் பைகள் போதும். எல்லாவற்றிலும் ஒரே மண் கலவை, பைக்கு இரண்டு விதை போட்டு, முளைத்ததும் நன்றாக இருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். விதைக்க நல்ல நேரம் வடகிழக்குப் பருவமழை ஓயும் மார்கழி வாக்கில். அடைமழையில் அசுவினிக் கூட்டம் செடியிலிருந்து கழுவப்பட்டுப் போய்விடும். சித்திரை வெயிலில் செடியும் வாடும், பூச்சியும் குறையும். தை, மாசியில் கொழுந்து முழுக்க அசுவினி அப்பிக்கொண்டிருக்கும்.

மருந்து அடிக்கக் கூடாது. வேப்பெண்ணெயும் கூடாது, "இயற்கை மருந்துதானே" என்கிற சமாதானம் இங்கே செல்லாது. பக்கத்து வயலில் மருந்து அடித்தால் காற்றில் வந்து விழுமா என்று முதலிலேயே பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எருக்கஞ்செடியில் மஞ்சள் நிறத்தில் அழகாக ஓர் அசுவினி இருக்கும், தெருவோரத்திலேயே கிடைக்கும். அதைத் தொடாதீர்கள். எருக்கம்பாலில் உள்ள நச்சு அந்த அசுவினியின் உடலிலும் சேர்கிறது. பொறிவண்டுகள் பலவற்றுக்கு அது நல்ல சாப்பாடு இல்லை. பிற்பாடு அதையே ஒரு தனி ஆராய்ச்சியாகச் செய்யலாம், இப்போது வேண்டாம்.

இரண்டாம் படி: ஆட்களை அடையாளம் காணுங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் எதையும் எண்ணாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருங்கள். இந்த ஒரு வாரத்தைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் பிறகு தவறான பூச்சியை மிகத் துல்லியமாக எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

தட்டைப்பயறு அசுவினியில் வளர்ந்தது பளபளக்கும் கறுப்பு. குட்டிகள் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும். உடலின் பின்பக்கம் இரண்டு சின்னக் குழல்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அது அசுவினிதான். நம் ஊர் வெப்பத்தில் ஆணின் தேவையே இல்லாமல் தாய் நேரடியாகக் குட்டி போடும். அந்தக் குட்டி ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானும் குட்டி போடத் தொடங்கும். கொழுந்தின் பக்கம் லென்ஸை வைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால், தாயின் பின்புறத்திலிருந்து குட்டி பின்பக்கமாக வெளியே வந்து, கால்களை உதறிப் பிரித்து, இலையில் ஊன்றி நடப்பதைப் பார்க்கலாம்.

பொறிவண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் புழுவைத்தான் தெரியாது. கறுத்து நீண்டு, முதுகில் முள் முள்ளாக, ஆறு காலோடு முதலைக்குட்டி மாதிரி இருக்கும். ஏதோ கெட்ட பூச்சி என்று விவசாயிகளே நசுக்கிப் போடுவதுண்டு. முட்டைகள் மஞ்சளாக, இலையின் அடியில் நட்டமாக நிறுத்தி வைத்த சின்னக் கொத்தாக இருக்கும். புழு மூன்று முறை சட்டை உரித்து நான்காம் பருவத்துக்கு வரும்; அதிகம் தின்பது அந்த நான்காம் பருவத்தில்தான். பிறகு இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, சில நாளில் வண்டாக வெளியே வரும்.

தமிழ்நாட்டில் பயறு வகைச் செடிகளில் அடிக்கடி பார்க்கக் கூடியவை இரண்டு. மஞ்சள் அல்லது ஆரஞ்சு முதுகில் கறுப்புக் கோடுகள் நெளிந்து ஓடுவது கைலோமீனஸ் செக்ஸ்மாகுலேட்டா. அதைவிடச் சற்றுப் பெரிதாக, சிவந்த முதுகில் தடித்த கறுப்புப் பட்டைகளோடு இருப்பது காக்சினெல்லா டிரான்ஸ்வர்சாலிஸ். இனி இவற்றைச் சின்னது, பெரியது என்றே சொல்கிறேன். கத்தரிச் செடியில் மங்கலான நிறத்தில், உடல் முழுக்க மெல்லிய மயிரும் நிறையப் புள்ளிகளுமாக ஒரு வண்டு இருக்கும். அது இலையைச் சுரண்டித் தின்னும் வகை. அதைப் பிடித்து வந்து கிண்ணத்தில் போட்டுவிட்டு "பொறிவண்டு அசுவினியைத் தொடவே இல்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

வேறு சிலரும் அங்கே குடியிருப்பார்கள். மெல்லிய நூலின் நுனியில் நிற்கும் வெள்ளை முட்டை கண்ணாடி இறக்கைப் பூச்சியுடையது. காலில்லாத, பச்சையும் பழுப்புமான புழு ஒன்று தலையை ஆட்டி ஆட்டி அசுவினியைத் தூக்கினால் அது சிர்ஃபிட் ஈயின் புழு. ஊதிப்போய், பழுப்பேறி, அசையாமல் ஒட்டிக்கிடக்கும் அசுவினிக்குள் ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்துகொண்டிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் நோட்டில் தனித்தனிக் கட்டம் போடுங்கள். எறும்புக்கும் ஒன்று.

பெயர் தெரியாத பூச்சியை மேலிருந்தும் பக்கவாட்டிலும் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் பெரும்பாலும் யாராவது சொல்லிவிடுவார்கள். ஒருவர் சொன்னதை அப்படியே ஏற்காமல் இரண்டாவது ஆள் உறுதி செய்யும்வரை பொறுங்கள்.

மூன்றாம் படி: எண்ணத் தொடங்குங்கள்

வாரத்துக்கு இரண்டு நாள், காலையில், எப்போதும் ஒரே நேரத்தில். ஒவ்வொரு செடியிலும் நுனிக் கொழுந்திலிருந்து 10 சென்டிமீட்டர் வரை மட்டும். முழுச் செடியையும் எண்ண முயன்றால் இரண்டாவது வாரமே அலுத்துவிடும். முதலில் வண்டுகளை எண்ணுங்கள், உங்கள் நிழல் பட்டாலே அவை விழுந்துவிடும். பிறகு புழு, முட்டைக் கொத்து, எறும்பு, கடைசியில் அசுவினி.

அசுவினி நூறைத் தாண்டினால் ஒவ்வொன்றாக எண்ணுவது வீண். 0, 1 முதல் 10, 11 முதல் 30, 31 முதல் 100, 101 முதல் 300, அதற்கு மேல் என வகுப்பாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்வதானால், ஒரே செடியை இருவரும் தனித்தனியாக எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய வித்தியாசம் வந்தால் பழகிய பிறகு வேலையைத் தொடங்கலாம்.

எதுவும் இல்லாத செடிக்கும் 0 என்று எழுத வேண்டும். வெற்றுக் கட்டம் என்றால் "பார்க்கவில்லை" என்று பொருள், பூச்சியம் என்றால் "பார்த்தேன், இல்லை" என்று பொருள். மூன்று மாதம் கழித்து இந்த இரண்டையும் யாராலும் பிரிக்க முடியாது.

சில வாரங்களில் வரைபடம் போட்டால் ஒரு அழகான காட்சி வரக்கூடும்: அசுவினி ஏறுகிறது, கொஞ்சம் தள்ளிப் பொறிவண்டு ஏறுகிறது, பிறகு அசுவினி சரிகிறது, பின்னாலேயே பொறிவண்டும் சரிகிறது. 1920களில் லோட்காவும் வோல்டெராவும் வேட்டையாடி, இரை எண்ணிக்கைகளுக்காகத் தனித்தனியாக எழுதிய சமன்பாடுகள் சொல்லும் அதே அலை. இங்கேதான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கனடாவின் லின்க்ஸ் பூனையும் பனிமுயலும் ஏறக்குறைய பத்தாண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதை ஹட்சன்ஸ் பே கம்பெனியின் தோல் வியாபாரக் கணக்குகளிலிருந்து எல்டனும் நிக்கல்சனும் 1942-இல் காட்டினார்கள். பூனை தின்றது, முயல் குறைந்தது என்று பாடப்புத்தகங்கள் அதைச் சுருக்கிவிட்டன. சார்லஸ் கிரெப்ஸ் குழுவினர் யூகான் பகுதியின் குளுவானேயில் ஆண்டுக்கணக்கில் வேலியடித்தும் தீனி போட்டும் சோதித்து 1995-இல் எழுதியது வேறு. வேட்டையாடிகளைத் தடுத்த இடத்தில் முயல் இரண்டு மடங்கானது. தீனி போட்ட இடத்தில் மூன்று மடங்கு. இரண்டையும் சேர்த்துச் செய்த இடத்தில் 11 மடங்கு. பூனையும் காரணம், பசியும் காரணம், இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகக் கூட்டி வருவதைவிட மிக அதிகம். ஏறி இறங்கும் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாரும் சொல்லியிருக்க முடியாது. உங்கள் செடியிலும் அசுவினி சரிந்ததற்குக் கொழுந்து முற்றியது காரணமாக இருக்கலாம், இறக்கை முளைத்துப் பறந்து போனது காரணமாக இருக்கலாம், ஒரு நாள் மழையும் காரணமாக இருக்கலாம்.

நான்காம் படி: கிண்ணச் சோதனை

ஒரு பொறிவண்டு ஒரு நாளில் எத்தனை அசுவினியைத் தின்னும்? இதற்கு ஒரே எண் விடையாகாது. எத்தனை வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது அது. அந்த உறவைக் காட்டும் கோட்டை வரைவதுதான் இந்தப் படி.

இதன் மூலவர் கனடாக்காரர் ஹாலிங். 1959-இல் அவர் செய்த சோதனையில் பூச்சியே கிடையாது. மூன்றடிச் சதுர மேசையில் உப்புத்தாள் வட்டங்களைக் குத்தி வைத்து, கண்ணைக் கட்டிய ஒருவரை ஒரு நிமிடம் விரலால் தட்டித் தட்டித் தேடச் சொன்னார். அகப்பட்ட வட்டத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி தேட வேண்டும். வட்டங்கள் கூடக் கூட முதலில் நிறைய அகப்பட்டன. பிறகு ஏற்றம் குறைந்து கோடு படுத்துவிட்டது. தேடுவதற்கு நேரமே ஆகாவிட்டாலும், எடுத்து வைக்க நேரம் ஆகிறதே. பொறிவண்டுக்கும் அதே கதைதான்: பிடித்து, மென்று, செரித்து, அடுத்ததற்குத் தயாராக ஆகும் நேரத்துக்குக் கையாளும் நேரம் என்று பெயர். அது 20 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்தில் எத்தனை அசுவினியைக் கொட்டினாலும் 72-க்கு மேல் போக முடியாது.

செய்முறை. ஒரே அளவு பிளாஸ்டிக் கிண்ணங்கள், அடியில் ஈரமான டிஷ்யூத் தாள், அதன் மேல் ஒரு தட்டைப்பயறு இலை. நாடா அகலத் தூரிகையெல்லாம் வேண்டாம், மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியை ஈரமாக்கி அசுவினியை ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். விரலால் எடுத்தால் வாயூசி இலையில் மாட்டி முறிந்து செத்துவிடும். கிண்ணத்துக்கு 5, 10, 20, 40, 80, 120 என ஆறு அளவுகள். ஒவ்வோர் அளவுக்கும் எட்டுக் கிண்ணமாவது வேண்டும், 5-க்கும் 10-க்கும் இன்னும் கூட வைத்தால் நல்லது, கோட்டின் வடிவம் அந்த முனையில்தான் தெரியும். வாயை மெல்லிய துணியால் மூடி ரப்பர் பேண்டு போடுங்கள்.

வளர்ந்த அசுவினியைப் போடக் கூடாது. இரவோடு இரவாகக் குட்டி போட்டு வைக்கும், காலையில் 40 போட்ட கிண்ணத்தில் 52 இருக்கும். நடுத்தர வயதுக் குட்டிகளாகப் பார்த்துப் பொறுக்குங்கள்.

பொறிவண்டுகளை முந்தைய நாளே தனித்தனியாக, தண்ணீர் நனைத்த பஞ்சு மட்டும் கொடுத்துப் பட்டினி போடுங்கள். ஒன்று வயிறு நிறைய, ஒன்று காய்ந்த வயிறு என்றால் ஒப்பிட முடியாது. எல்லாம் வளர்ந்த வண்டு அல்லது எல்லாம் நான்காம் பருவப் புழு, இரண்டையும் கலக்காதீர்கள்.

ஒவ்வோர் அளவிலும் பொறிவண்டு போடாத கிண்ணங்கள் மூன்று நான்கு வையுங்கள். சும்மா இருந்தே சாகும் அசுவினி எத்தனை என்பதை அவைதான் சொல்லும். அதில் நிறையச் செத்திருந்தால் உங்கள் கைவேலையிலோ ஈரத்திலோ கோளாறு. அன்றைய கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி செய்யுங்கள்.

எல்லாக் கிண்ணத்தையும் ஒரே நாளில் செய்ய முடியாது, பரவாயில்லை. ஆனால் திங்கட்கிழமை முழுக்க 5, வெள்ளிக்கிழமை முழுக்க 120 என்று போகாதீர்கள். ஒவ்வொரு நாளும் ஆறு அளவும் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வெயில் அதிகமாக இருந்ததும் உங்கள் முடிவுக்குள் புகுந்துகொள்ளும். 24 மணி நேரம் கழித்து, மிச்சம் உயிரோடு இருப்பதை எண்ணுங்கள்.

படம் வரையும்போது இரண்டு வரையுங்கள். தின்ற எண்ணிக்கை ஒன்று, வைத்ததில் எத்தனை சதவீதம் தின்றது என்பது இன்னொன்று. சதவீதக் கோடு ஆரம்பத்திலிருந்தே சரிந்தால் அது ஹாலிங் சொன்ன இரண்டாம் வகை. முதலில் ஏறிப் பிறகு சரிந்தால் மூன்றாம் வகை. இரண்டாம் வகையில் இரை அரிதாகும்போது ஒவ்வோர் இரையும் மாட்டும் வாய்ப்பு கூடுகிறது. கடைசி ஒன்றும் தப்பாது. மூன்றாம் வகையில் அரிதான இரைக்கு ஒரு மூச்சு விட இடமுண்டு. சமன்பாட்டைப் பொருத்த, புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் மென்பொருளில் இதற்கென்றே தொகுப்புகள் இருக்கின்றன. தின்றதை நீங்கள் இட்டு நிரப்பவில்லை, இரை குறைந்துகொண்டே போனது, அதனால் ஹாலிங்கின் சமன்பாட்டை அப்படியே போடாமல் 1972-இல் ரோஜர்ஸ் திருத்தியதைப் பயன்படுத்துங்கள்.

கிண்ணத்தில் வந்த எண்ணை வயலுக்கு அப்படியே பெருக்கிவிடக் கூடாது. கிண்ணத்தில் ஒளிய இடமில்லை. 1958-இல் கலிஃபோர்னியாவில் ஹஃபேகர் ஆரஞ்சுப் பழங்களை வரிசையாக வைத்து, அதில் ஒரு சிலந்திப்பேனையும் அதைத் தின்னும் இன்னொரு பேனையும் விட்டார். எளிய அமைப்பில் வேட்டையாடி எல்லாவற்றையும் தின்று தீர்த்துவிட்டுத் தானும் செத்தது. பழங்களுக்கு நடுவே வாசலின் தடவித் தடுப்புகள் போட்டு, இரை நூல்விட்டுக் காற்றில் தப்பிப் போகக் குச்சிகளும் நட்டு, 120 பழமாகப் பரப்பிய பிறகுதான் இரண்டும் சேர்ந்து மூன்று அலை தாக்குப்பிடித்தன.

ஐந்தாம் படி: போட்டி

போட்டி இருக்கிறது என்று சொல்ல, சின்னதையும் பெரியதையும் ஒரே கொழுந்தில் பார்த்தால் போதாது. 1930களில் மாஸ்கோவில் காஸ் என்ற இளைஞர் பாரமீசியம் என்னும் ஒருசெல் உயிரியின் இரண்டு இனங்களை வைத்துச் செய்ததுதான் இன்றும் அடிப்படை: முதலில் ஒவ்வொன்றையும் தனியாக வளர்த்தார், இரண்டுமே செழித்தன, சேர்த்து வளர்த்தபோது அவுரேலியா பிழைத்தது, காடேட்டம் அழிந்தது. தனியாக வளர்த்த குடுவை இல்லாவிட்டால் காடேட்டம் போட்டியால் செத்ததா, தண்ணீர் பிடிக்காமல் செத்ததா என்று சொல்லவே முடியாது.

நமக்கு ஐந்து வகைக் கிண்ணங்கள் தேவை. சின்னது ஒன்று. பெரியது ஒன்று. சின்னது இரண்டு. பெரியது இரண்டு. சின்னதும் பெரியதும் ஒவ்வொன்று. கூடவே வழக்கம்போல வண்டே இல்லாதது. இரை எல்லாவற்றிலும் 40. நிறையக் கொட்டினால் போட்டியே வராது.

கணக்கு எப்படி? சின்னது தனியாக 20 தின்றது, பெரியது தனியாக 24 தின்றது என்று வையுங்கள். சேர்த்துவிட்டால் 44 என்று எதிர்பார்க்க முடியாது, இருப்பதே 40. சின்னதிடம் தப்புவது பாதி, பெரியதிடம் தப்புவது நாற்பது சதவீதம். ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் தின்றால் இரண்டிடமும் தப்புவது பாதியில் நாற்பது சதவீதம், அதாவது 8. ஆக 32 தின்றிருக்க வேண்டும். அதைவிடத் தெளிவாகக் குறைந்தால் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்கின்றன என்று சந்தேகிக்கலாம். முதல் மதிப்பீட்டுக்கு இது போதும். அடுத்ததாக, சின்னது இரண்டு இருந்த கிண்ணத்தையும் சின்னதும் பெரியதும் இருந்த கிண்ணத்தையும் ஒப்பிடுங்கள். தன் இனத்தானிடம் படும் தொல்லை அடுத்த இனத்தானிடம் படும் தொல்லையைவிட அதிகம் என்றால், இரண்டு இனமும் ஒரே இடத்தில் பிழைத்துக் கிடக்க வாய்ப்பு அதிகம். அங்காளி பங்காளிச் சண்டைதான் இங்கே சமாதானத்துக்கு வழி.

புழுக்களை வைத்துச் செய்தால், முடிவில் அசுவினியோடு புழுக்களையும் எண்ணுங்கள். ஒன்று காணாமல் போயிருக்கும். பசித்த பொறிவண்டுப் புழு தன் இனத்து முட்டையையும் தின்னும், அடுத்த இனத்துப் புழுவையும் தின்னும். போட்டியாளரையே இரையாக்குவது எவ்வளவு பரவலானது என்று 1989-இல் போலிஸ், மயர்ஸ், ஹோல்ட் மூவரும் தொகுத்துக் காட்டிய பிறகு, வேட்டை ஒரு அத்தியாயம், போட்டி இன்னொரு அத்தியாயம் என்று பிரித்துப் படிப்பது கஷ்டமாகிவிட்டது. ஆசியாவைச் சேர்ந்த ஹார்லெக்வின் பொறிவண்டு 2004-இல் பிரிட்டனுக்குள் வந்தபின் அங்கிருந்த இரண்டு புள்ளிப் பொறிவண்டு வெகுவாகக் குறைந்தது. வந்தவர் சாப்பாட்டையும் பங்குபோட்டார், ஆளையும் தின்றார்.

ஆறாம் படி: செடியில் நீக்கிப் பாருங்கள்

எனக்குப் பிடித்த படி இது. 24 செடிகளையும் மூன்றாகப் பிரியுங்கள், எது எதற்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானியுங்கள். எல்லாக் கொழுந்திலும் வேட்டையாடி, முட்டை, ஊதிப்போன அசுவினி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சரியாக 20 அசுவினி விடுங்கள். எட்டுச் செடிக் கொழுந்துக்கு மெல்லிய வலைத்துணிப் பை போட்டு அடியில் இறுகக் கட்டுங்கள். எட்டுக்குப் பையே இல்லை. மீதி எட்டுக்கு அதே பை, ஆனால் பக்கவாட்டில் வண்டு தாராளமாக நுழையும் அளவு கிழித்து, அடியும் திறந்தது.

இந்த ஓட்டைப் பை எதற்கு என்று கேட்பார்கள். பைக்குள் நிழல் உண்டு, காற்று குறைவு, மழை நேராக அடிக்காது. அதனால் மட்டுமே அசுவினி பெருகலாம். மூடிய பையில் அசுவினி பெருகி, ஓட்டைப் பையும் திறந்த கொழுந்தும் ஒரே மாதிரி இருந்தால்தான் வேட்டையாடியைக் குற்றம் சொல்லலாம். ஓட்டைப் பை மூடிய பை மாதிரியே நடந்துகொண்டால், நீங்கள் அளந்தது பொறிவண்டை அல்ல, பையை.

இந்த வழியின் முன்னோடிகள் கடற்கரையில் வேலை செய்தவர்கள். ஸ்காட்லாந்தில் கானெல் பாறைகளில் ஒட்டும் பார்னக்கிள்களில் ஓர் இனத்தைச் சுரண்டி எடுத்துப் பார்த்தார். மேலே மட்டும் வாழ்ந்த தாமலஸ் இனம், பலானஸ் இல்லாத இடத்தில் கீழேயும் பிழைத்தது (1961). அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் பெயின் நட்சத்திர மீன்களைப் பிடுங்கிக் கடலில் எறிந்துகொண்டே இருந்தார்; அவை தின்றுவந்த சிப்பியினம் பாறையைப் பிடித்துக்கொண்டது, அங்கிருந்த 15 இனங்கள் 8 ஆயின (1966). வேட்டையாடி போனதும் போட்டி தலைதூக்கியது.

உங்கள் செடியில் தலைதூக்குவது எறும்பாக இருக்கலாம். அசுவினி விடும் இனிப்புக் கழிவுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், பொறிவண்டுப் புழுவைக் கடித்துத் தள்ளும். நேரம் இருந்தால் இன்னொரு தொகுதிச் செடிகளில் பாதிக்கு மட்டும் தண்டின் அடியில் நாடா சுற்றி அதன்மேல் வாசலின் தடவுங்கள். தண்டில் நேராகத் தடவினால் செடி கெடும். பக்கத்துச் செடியின் இலை தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அதைப் பாலமாக்கிக்கொள்ளும், தினமும் பார்த்து விலக்க வேண்டும்.

இரண்டு வாரம், மூன்று நாளைக்கு ஒரு தடவை எண்ணுங்கள். மூடிய பைக்குள் ஏதாவது பொறிவண்டு புகுந்திருந்தால் அந்தச் செடியை மறைக்காமல் "புகுந்தது, தேதி இது" என்று எழுதுங்கள்.

ஏழாம் படி: கணக்கும் நோட்டும்

ஒரே செடியில் பத்து இலையை எண்ணினால் அது பத்துச் சான்று ஆகாது, ஒரே செடியைப் பத்துத் தடவை பார்த்தது. ஹர்ல்பர்ட் 1984-இல் சூழலியல் ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்து, ஏராளமானவை இந்தக் குழியில் விழுந்திருந்ததைக் காட்டினார். உங்கள் ஆய்வில் சான்றுகளின் எண்ணிக்கை என்பது செடிகளின் எண்ணிக்கை, கிண்ணங்களின் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

சராசரி போடும் முன் ஒவ்வொரு புள்ளியையும் படத்தில் வையுங்கள். நோட்டில் எழுதியதை அன்றே கணினியில் ஏற்றுங்கள். ஒரு வரிக்கு ஒரு கிண்ணம், ஒரு கட்டத்துக்கு ஒரு தகவல். நிறம் தீட்டிய கட்டங்களில் பொருள் ஒளித்து வைக்காதீர்கள்.

உங்கள் தோட்டத்துக்குள் இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. காப்புக்காட்டுக்குள் ஒரு பூச்சியை எடுப்பதானாலும் வனத்துறை அனுமதி வேண்டும். வேலை முடிந்ததும் பொறிவண்டுகளைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்; கடையில் வாங்கியதையோ வேறு ஊரிலிருந்து வந்ததையோ அவிழ்த்துவிட வேண்டாம்.

எல்லாம் தயாராக இருந்தும் பொறிவண்டே வரவில்லை என்று சிலருக்கு ஆகும், நகரத்து மாடிகளில் குறிப்பாக. பக்கத்தில் சோளமோ மக்காச்சோளமோ போட்ட வயல் இருந்தால் காலை வெயில் ஏறும் முன் போங்கள். பூட்டை வந்த பயிரில் அசுவினி இருந்தால் பொறிவண்டும் பெரும்பாலும் இருக்கும். வாய் அகன்ற பாட்டிலை இலைக்கு அடியில் பிடித்துக்கொண்டு மேலே லேசாகத் தட்டினால் தானாக விழும். பாட்டிலுக்குள் ஒரு இலையைப் போட்டு, ஒன்றையொன்று தின்றுவிடாமல் இருக்க ஒரு பாட்டிலுக்கு நான்கைந்துக்கு மேல் அடைக்காதீர்கள். விவசாயியிடம் கேட்டுவிட்டு எடுங்கள், கடைசியாக எப்போது மருந்து அடித்தார் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அண்மையில் அடித்திருந்தால் அடுத்த வயலுக்குப் போய்விடலாம்.